மின்ட் தெரு மெய்க்கீர்த்தி

திருவும் திரவியமும் ஒருங்கே குடிகொண்ட மும்பை மாநகரில், மின்ட் தெரு என்று பத்திரிகைகள் போற்றும் வீதியில், விண்ணை முட்டும் மாளிகையில் வீற்றிருந்து, ஆளுநரின் ஒற்றைக் கையொப்பத்தால் வெறுங்காகிதத்தையும் செல்வமாக்கும் இந்திய ரிசர்வ் வங்கிப் பெருமானுக்கு அடியேன் ஒரு மெய்க்கீர்த்தி எழுத விழைகிறேன். முன்னாளில் கல்தச்சர்கள் மன்னன் கொண்ட நாட்டையும் வென்ற களத்தையும் வெட்டிய குளத்தையும் வரிசைப்படுத்திக் கோயில் சுவரில் பொறித்தார்கள். செய்ததைச் சொல்லிப் புகழ்வது எந்தத் தச்சனுக்கும் வரும். செய்யாமல் விட்டதைச் சொல்லிப் புகழத் தக்க பேரரசு நம் காலத்தில்தான் வாய்த்தது.

பெருமானின் இலச்சினையில் ஒரு புலியும் ஒரு பனையும் உண்டு. சோழனும் புலியைத்தான் கொடியில் வைத்தான். ஆனால் அது பொறுமையற்ற புலி. ஈழம் என்றும் கடாரம் என்றும் கண்ட இடமெல்லாம் பாய்ந்தது. மின்ட் தெருப் புலி பண்பட்டது. புலி பதுங்குவது பாய்வதற்கே என்று பாமரர் சொல்லிவந்த பழமொழியை ஒரே ஒரு விவகாரத்தில் அது அடியோடு பொய்யாக்கிக் காட்டிற்று. 2005-இல் பதுங்கியது. 2017-இல் எழுந்து, சோம்பல் முறித்து, மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. இடைப்பட்ட 12 ஆண்டுகளின் திருவிளையாடலே இந்த மெய்க்கீர்த்தியின் பொருள்.

விவகாரம் இதுதான். வட்டி வாங்குவதும் கொடுப்பதும் மார்க்கத்தில் விலக்கப்பட்டவை என்று நம்பும் முஸ்லிம்கள் இந்நாட்டில் ஏராளம். அவர்கள் தங்களுக்கு வட்டியில்லாத ஒரு வங்கிமுறை வேண்டும் என்றார்கள். போட்ட பணம் தொழிலில் இறங்கட்டும். லாபம் வந்தால் பங்கு, நட்டம் வந்தால் நட்டத்திலும் பங்கு என்றார்கள். ஆட்டோ வாங்கக் கடன் வேண்டுமானால், வங்கியே ஆட்டோவை வாங்கி, தன் லாபம் இவ்வளவு என்று முகத்துக்கு நேரே சொல்லி, தவணையில் விற்கட்டும். அதற்கு முராபஹா என்று பெயர். வீடு வேண்டுமானால், வங்கியே வாங்கி வாடகைக்கு விட்டு, கடைசியில் எழுதிக் கொடுக்கட்டும், அது இஜாரா. மானியம் கேட்கவில்லை. தள்ளுபடி கேட்கவில்லை. தரும் வட்டியை வேண்டாம் என்றார்கள். வங்கியின் படிக்கட்டில் நின்று பணம் வேண்டாம் என்று சொல்பவர்களை எந்த வங்கியாளரும் பயிற்சிக் கல்லூரியில் படித்ததில்லை. பெருமான் திகைத்ததில் வியப்பென்ன?

திகைப்பு வந்தபோது சான்றோர் என்ன செய்வார்களோ அதையே பெருமானும் செய்தார்; குழு அமைத்தார். 2005-இல் ஆனந்த் சின்ஹா அவர்கள் தலைமையில் கூடிய அந்த அறிஞர் சபை, 2006 ஜூலையில் தன் முடிவைப் பகர்ந்தது: இப்போதுள்ள சட்டப்படி இது இயலாது. எவ்வளவு நுட்பமான கண்டுபிடிப்பு! சட்டத்தில் இல்லாததால்தான் கேட்கிறார்கள் என்பதை ஓராண்டு ஆராய்ந்து, சட்டத்தில் இல்லை என்று கண்டறிந்த மேதைமைக்கு ஈடு எங்கே?

அந்தச் சட்டத்தின் மாண்பையும் சொல்ல வேண்டும். 1949-ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் ஒரு கோட்டை. அதன் 8-ஆம் பிரிவு, வங்கி சரக்கு வாங்கி விற்கலாகாது என்கிறது. ஆகவே முராபஹா வாசலிலேயே நின்றது. 9-ஆம் பிரிவு, தன் சொந்த உபயோகத்துக்கு அல்லாத நிலத்தையும் கட்டடத்தையும் ஏழாண்டுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்கிறது. ஆகவே 20 ஆண்டுத் தவணை இஜாரா அகழியில் விழுந்தது. கோட்டையைத் தாண்டி எவராவது உள்ளே வந்துவிட்டாலும், அங்கே முத்திரைத்தீர்வை என்னும் காவல்தெய்வம் அரிவாளோடு நிற்கிறது. வங்கி வீட்டை வாங்கும்போது ஒரு தரம், அதையே வாடிக்கையாளருக்கு விற்கும்போது இன்னொரு தரம். பக்திக்கு விலை உண்டு என்பதைப் பத்திரப்பதிவு அலுவலகத்தைவிட அழகாக எந்த ஹஜ்ரத்தும் போதித்ததில்லை.

இத்தகைய சட்டத்தைத் திருத்தலாமே என்று சில விதண்டாவாதிகள் கேட்டார்கள். திருத்தக் கூடாது என்று யார் சொன்னது? 2017 மே மாதம் திருத்தத்தானே செய்தார்கள். அதுவும் நாடாளுமன்றம் கூடும்வரை காத்திராமல், அவசரச் சட்டமாக. பெருங்குழுமங்கள் வங்கிகளில் வாங்கிய கடன் வாராமல் போனபோது, அதை மீட்கும் அதிகாரத்தைப் பெருமானுக்குத் தருவதற்காக. முறை அப்படித்தான் இருக்க வேண்டும். கடனை வாங்கிக்கொண்டு கட்டாதவர் விஷயத்தில் சட்டம் ஓட்டமாக ஓட வேண்டும். வட்டி வேண்டாம் என்று அடக்கமாக நிற்பவர் எங்கே ஓடிவிடப் போகிறார்? அவர் நிற்கட்டும்.

2006 நவம்பரில், முஸ்லிம்களின் நிலையை ஆராய அமைக்கப்பட்ட சச்சார் குழு தன் அறிக்கையைத் தந்தது. முஸ்லிம்களுக்கு வங்கிக் கடன் போதிய அளவு எட்டவில்லை என்றும், சில வங்கிகள் சில பகுதிகளை ‘எதிர்மறை மண்டலம்’ என்று வகுத்துக் கடனைச் சுருக்குகின்றன என்றும் அது சொன்னது. இதைக் குறை என்று கண்டவர்கள் அற்பர். ஊரிலேயே வட்டி வேண்டாத மக்கள் வாழும் பகுதிக்கு, வட்டிக் கடனே எட்டாதபடி பார்த்துக்கொண்ட அந்த வங்கிகளைப் போல மார்க்கத்தைப் பேணியவர் வேறு யார்?

2008-இல் ரகுராம் ராஜன் அவர்கள் தலைமையிலான இன்னொரு குழு, நிதித்துறைச் சீர்திருத்தத்துக்கு ‘நூறு சிறு அடிகள்’ என்று பெயரிட்ட அறிக்கையைத் தந்தது. மத நம்பிக்கையால் வங்கிக்கு வெளியே நிற்போரை உள்ளே கொண்டுவர வட்டியில்லா வங்கிமுறையை அனுமதிக்கலாம் என்று அதில் ஓர் அடி. பின்னர் நடந்ததுதான் காவியம். அடி எடுத்து வைக்கச் சொன்ன அதே பெருந்தகை, 2013 செப்டம்பரில் ஆளுநராகவே அரியணை ஏறினார். மூன்றாண்டு அமர்ந்தார். தன் யோசனையைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும் சுயநலம் அவரை அணுகாதபடி அந்த நாற்காலி காத்தது. 2015 டிசம்பரில் தீபக் மொகந்தி குழு, வழக்கமான வங்கிகளிலேயே ஒரு தனிச் சாளரம் திறக்கலாம் என்றது. 2016 பிப்ரவரியில் மின்ட் தெருவிலிருந்து நிதி அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் போயிற்று. அவ்வாண்டின் ஆண்டறிக்கையில் பெருமான் தன் திருவாயாலேயே, சமூகத்தின் ஒரு பகுதியினர் மதக் காரணத்தால் வங்கிச் சேவைக்கு வெளியே நிற்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டு, வழிவகை ஆராயப்படும் என்று வாக்களித்தார். குழு, மேற்குழு, உள்குழு, கடிதம், அறிக்கை! பாற்கடலைத் தேவரும் அசுரரும் கடைந்தபோது ஆலகாலமாவது வந்தது. இந்தக் கடைதலில் அப்படி அசுத்தம் எதுவும் எழாமல் பார்த்துக்கொண்டார்கள்.

2017 நவம்பரில் தீர்ப்பு வந்தது. நாடாளுமன்றத்தில் முழக்கமாக அல்ல, செய்தியாளர் கூட்டத்தில் ஆரவாரமாக அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் யாரோ போட்ட மனுவுக்குப் பதிலாக, அடக்கத்தின் திருவுருவாக வந்தது. எல்லாக் குடிமக்களுக்கும் வங்கி, நிதிச் சேவைகளை அடைய விரிவான, சமமான வாய்ப்புகள் இருப்பதைக் கருதி, இந்த யோசனையை மேற்கொண்டு தொடர்வதில்லை என்பது அதன் சாரம்.

அடடா! முந்தின ஆண்டு அறிக்கையில் வெளியே நின்றவர்கள், இந்த ஆண்டு பதிலில் உள்ளே வந்துவிட்டார்கள். ஒரு கிளை கூடத் திறக்கவில்லை, ஒரு படிவம் கூட அச்சடிக்கவில்லை, ஒரு பிரிவு கூடத் திருத்தவில்லை. ‘சமமான வாய்ப்பு’ என்ற மந்திரத்தை உச்சரித்தவுடன் கதவு தானாகத் திறந்துகொண்டது. இந்த அற்புதத்தின் முன் அலிபாபாவின் குகை எம்மாத்திரம்!

அந்தச் சமவாய்ப்பு கீழே கிளைகளில் எப்படிப் பொழிகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். வாணியம்பாடியிலோ மேலப்பாளையத்திலோ ஒரு பெரியவர் சேமிப்புக் கணக்குப் புத்தகத்தோடு கவுன்டரில் நிற்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ‘இன்ட்’ என்ற சுருக்கெழுத்தோடு ஒரு தொகை புத்தகத்தில் ஏறியிருக்கும்.

“தம்பி, இந்த வட்டி எனக்கு வேண்டாம். எழுதிக் கொடுத்துடறேன்.”

“எழுதிக் கொடுத்தாலும் சிஸ்டம் போட்டுடும் பாய்.”

“அப்ப வட்டி இல்லாத கணக்கா மாத்திக் குடுங்களேன்.”

“கரன்ட் அக்கவுன்ட் இருக்கு. ஆனா கடைக்குச் சான்று வேணும், மினிமம் பேலன்ஸ் பெருசா இருக்கும். உங்களுக்கு எதுக்கு பாய் அதெல்லாம்? வர்ற காசை வேண்டாம்னு சொல்றீங்களே!”

பெரியவர் வட்டியைத் தனியே கணக்கிட்டு எடுத்து, நன்மையை நாடாமல் ஏதாவது பொதுக் கழிப்பறைக்கோ கஷ்டப்பட்டவர் கைக்கோ கொடுத்துவிடுவார். வருமான வரிப் படிவம் நிரப்புகிறவராக இருந்தால், தான் தொடாத அந்தத் தொகையை ‘இதர வருமானம்’ என்று எழுதிக் கையொப்பமும் இடுவார். வேண்டாதவனுக்கும் வட்டி தந்து, அந்த வட்டிக்குக் கணக்கும் கேட்டு, அதன் மூலம் ஊருக்குக் கழிப்பறையும் கட்டுவிக்கும் பெருங்கருணையை எந்த ஐந்தாண்டுத் திட்டத்தில் கண்டோம்? கடன் வேண்டுமானால் அவருக்கு ஜமாஅத்தின் பைத்துல்மால் என்னும் பொதுநிதி இருக்கவே இருக்கிறது. நகையைக் காகிதத்தில் பொதிந்து வாங்கி வைத்துக்கொண்டு, ‘அழகிய கடன்’ என்று வட்டியில்லாமல் சில ஆயிரம் தரும். ஊர்ப் பெரியவர்கள் நால்வர் ஒரு இரும்பு அலமாரியோடு நடத்தும் காரியத்தை, புலியும் பனையும் பொறித்த பேரரசு செய்யத் துணியவில்லை. எளியோரின் பிழைப்பில் குறுக்கிடக் கூடாது என்ற பெருந்தன்மைதான்.

வட்டியில்லா வைப்பு என்பதே பெருமானுக்குத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு வங்கியும் தன் வைப்புத்தொகையில் ஒரு பங்கை ரொக்க இருப்பு விகிதம் என்ற பெயரில் மின்ட் தெருவில் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2007 முதல் அதற்குப் பெருமான் ஒரு பைசா வட்டி தருவதில்லை. நாட்டின் மிகப் பெரிய வட்டியில்லா வைப்புக் கணக்கை வைத்திருப்பவர் அவரேதான்! பிறருக்குக் கூடாது என்று விலக்கிய ஒழுக்கத்தைத் தான் மட்டும் தனிமையில் நோற்கும் துறவறத்துக்கு எப்படிப் பெயரிடுவது?

மதச்சார்பற்ற அரசு, மத அடிப்படையில் ஒரு வங்கிமுறையை ஏற்கலாமா என்று அன்பர்கள் வாதிட்டார்கள். ஏற்கக் கூடாதுதான். மதச்சார்பின்மையின் தூய்மையை நம் நிதி மண்டலம் எவ்வாறு பேணுகிறது என்பதற்குத் தீபாவளித் திருநாளே சாட்சி. பங்குச் சந்தைகள் நல்ல நேரம் பார்த்துக் கதவு திறந்து, லட்சுமி பூசை செய்து, முகூர்த்த வர்த்தகம் என்று ஒரு மணி நேரம் நடத்துகின்றன. பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி என்னும் சக பேரரசு அதை இன்முகத்தோடு பார்த்திருக்கிறது. வருமான வரிச் சட்டமோ ‘இந்துக் கூட்டுக் குடும்பம்’ என்று ஒரு தனி வரிதாரரையே படைத்து, அவருக்குத் தனி நிரந்தரக் கணக்கு எண்ணும் தந்து சீராட்டுகிறது. இவையெல்லாம் பண்பாடு. வட்டி வேண்டாம் என்பது மட்டும் மதம். பண்பாட்டுக்கும் மதத்துக்கும் நடுவே இத்தனை நேராகக் கோடு கிழிக்கும் கைக்குத் தங்கக் காப்பு பூட்டலாம்.

அந்தக் கோடு பணக்காரர் வாசலில் சற்றே நெளிந்து கொடுப்பதும் ஓர் அழகு. மும்பைப் பங்குச் சந்தை 2010-இலேயே ஷரீஆவுக்கு ஒத்த பங்குகளுக்கென ஒரு குறியீட்டைத் தொடங்கியது. வட்டியில் புரளும் நிறுவனங்களையும் மதுவையும் சூதையும் வடிகட்டி, மிச்சமுள்ளவற்றைத் தட்டில் வைத்துக் கொடுத்தது. ஆக, டீமேட் கணக்கு வைத்திருப்பவருக்கு மார்க்கம் அனுமதிக்கப்பட்டது; பாஸ்புக் மட்டும் வைத்திருப்பவருக்கு இல்லை. 2014-இல் பாரத ஸ்டேட் வங்கியின் பரஸ்பர நிதி நிறுவனம் கூட ஒரு ஷரீஆ நிதித் திட்டத்தை அறிவித்தது. டிசம்பர் 1-ஆம் தேதி திறப்பு விழா. தேதி நெருங்கிய வேளையில் திட்டம் காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது. இன்றும் ஒத்திவைப்பு தன் பணியைச் செவ்வனே செய்துவருகிறது.

கேரள அரசு மட்டும் அடங்காமல் தன் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் வழியே அல் பரக்கா என்ற நிறுவனத்தில் 11 சதவீதம் பங்கெடுக்க முனைந்தது. மதச்சார்பின்மைக்கு ஆபத்து என்று சுப்பிரமணியன் சுவாமி அவர்கள் வழக்காடினார். 2011 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. அரசமைப்புச் சட்டம் படித்த நீதிமன்றத்துக்கே தென்படாத ஆபத்தைக் கடைசிவரை கண்டுகொண்டிருந்த நம் நிதியாளர்களின் கண்ணொளியை என்னென்பேன்!

அயல்நாட்டு ஒழுங்குமுறையாளர்களின் நிலைமையை எண்ணினால் நெஞ்சு உருகுகிறது. பிரிட்டனைப் பாருங்கள். கிறித்தவத் திருச்சபையின் தலைமையை அரச பீடத்திடமே ஒப்படைத்த நாடு. மதச்சார்பின்மை என்ற சொல்லைச் சட்டத்தில் எழுதக் கூட வழியில்லாத அந்த நாடு, 2003-ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தின் மூலம், இஸ்லாமிய வீட்டுக் கடனுக்கு இரட்டை முத்திரைத்தீர்வையை நீக்கியது. 2004-இல் பிரிட்டன் இஸ்லாமிய வங்கிக்கு உரிமம் தந்தது. 2014-இல் அரசே 20 கோடி பவுண்டுக்கு சுகூக் என்னும் வட்டியில்லாப் பத்திரம் வெளியிட்டது. நமக்கு அருகே இலங்கையும் 2005-இல் வங்கிச் சட்டத்தைத் திருத்திற்று. 2011-இல் அங்கே அமானா வங்கி முழு இஸ்லாமிய வங்கியாகத் திறந்தது. பாவம், அந்த நாட்டு அதிகாரிகள்! உரிமம் தந்த பாவத்துக்காக இன்று தணிக்கை செய்ய வேண்டும், மூலதன விகிதம் பார்க்க வேண்டும், முராபஹா என்ற பெயரில் பழைய வட்டியே முக்காடு போட்டு வருகிறதா என்று ஒப்பந்தங்களைப் பிரித்துப் படிக்க வேண்டும். நம் பெருமானுக்கு அந்த உடல் வருத்தம் எதுவும் இல்லை. இல்லாத வங்கியில் தணிக்கை ஏது?

வங்கிதான் இல்லை, வேண்டுதல் இருந்தது. வேண்டுதலை வெறுங்கையோடு திருப்பியனுப்பும் வழக்கம் இந்நாட்டுச் சந்தைக்கு இல்லை. ஆனந்த் சின்ஹா குழு இயலாது என்று சொன்ன அதே 2006-இல், பெங்களூரில் ஐ மானிட்டரி அட்வைசரி என்னும் ஐ.எம்.ஏ. உதயமாயிற்று. ஹலால் முதலீடு, வட்டியே இல்லை, லாபத்தில் பங்கு மட்டும். மின்ட் தெரு இயலாது என்றதை சிவாஜிநகரில் ஒருவர் இயலும் என்றார். முதலீடு செய்தவர்கள் வைப்பாளர்கள் அல்லவாம், பங்காளிகளாம். ஆகவே வைப்புத்தொகைச் சட்டங்கள் தீண்ட முடியாத வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை. குழுக்கள் 12 ஆண்டு தேடியும் கிடைக்காத சட்ட வழியை ஒரு நகைக்கடைக்காரர் கண்டுபிடித்துக்கொண்டார்! பெருமானுக்குச் சந்தேகம் தட்டாமல் இல்லை. மாநில அரசுக்குக் கடிதங்கள் போயின. கடிதம் எழுதுவதில் அந்த மாளிகைக்கு நிகர் இல்லை என்பதை முன்பே சொன்னேன்.

2019 ஜூனில் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு நிறுவனர் ஓர் ஒலிப்பதிவை மட்டும் விட்டுவிட்டு துபாய்க்குத் தப்பிச் சென்றார். கடையின் பூட்டிய கதவுக்கு முன் பர்தா அணிந்த பெண்கள் ரசீதுகளை ஏந்தி வரிசை நின்றார்கள். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம், கணவன் சவூதியிலிருந்து அனுப்பிய பணம், ஓய்வூதியப் பணம். 40,000-க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. புலனாய்வாளர்கள் அந்த நிறுவனருக்குரிய கட்டடம் ஒன்றின் நீச்சல்குளத்துக்கு அடியில் 300 கிலோவுக்கும் மேலான தங்கக் கட்டிகளைத் தோண்டி எடுத்தார்கள். உரசிப் பார்த்ததில் அத்தனையும் போலி. முந்தின ஆண்டே, வட்டியில்லா முதலீடு என்று ஐதராபாத்திலிருந்து விளம்பரம் செய்த ஹீரா குழுமத்தின் தலைவியும் கைதாகியிருந்தார்.

இங்கேதான் 2017-இன் பதிலின் தீர்க்கதரிசனம் விளங்குகிறது. சமமான வாய்ப்பு என்றார்களே, அது பொய்யா? உரிமம் பெற்ற வங்கியில் வட்டியோடு சேமிக்கும் வாய்ப்பும், உரிமமே இல்லாத இடத்தில் முதலையே இழக்கும் வாய்ப்பும் அந்தப் பெண்களுக்குச் சரிசமமாகத்தானே இருந்தன? ஒரு வங்கி திவாலானால் வைப்பாளருக்குக் காப்பீடு உண்டு, புகார் கேட்க ஒம்பட்ஸ்மன் உண்டு, குற்றம் சொல்ல ரிசர்வ் வங்கியும் உண்டு. அனுமதியே தராததால் அந்தக் குற்றச்சாட்டு மின்ட் தெரு வாசற்படியைக் கூட மிதிக்க முடியவில்லை. கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சிறந்த வழி அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதே என்று உலகுக்குக் காட்டிய பெருமான் வாழ்க!

அதே 2019 ஜூலையில் நாடாளுமன்றம் முறைப்படுத்தப்படாத வைப்புத்திட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. அழகான வரிசை. முதலில் முறைப்படுத்த மறுப்பது. பிறகு முறைப்படுத்தப்படாததைத் தடை செய்வது. இரண்டுக்கும் நடுவே காணாமல் போன சேமிப்பை மட்டும் எந்தப் பிரிவில் தேடுவது என்று அறியாமல் சிலர் இன்னும் நீதிமன்றப் படிகளில் நிற்கிறார்கள். அவர்களுக்கும் சமவாய்ப்பு உண்டு. நீதிமன்றம் எல்லோருக்கும் பொதுதானே.

இத்தகைய ஞானம் ஒரு மாளிகைக்குள் அடங்கிக் கிடப்பது நாட்டுக்கு இழப்பு. பிற துறைகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்பதே அடியேனின் தாழ்மையான விண்ணப்பம். எடுத்துக்காட்டாக, உணவுத் துறை. பிஸ்கட் பாக்கெட்டையோ அப்பளக் கட்டையோ திருப்பிப் பாருங்கள். ஒரு மூலையில் பச்சைப் புள்ளி இருக்கும். புலால் மறுப்போர் ஏமாறாமல் வாங்கவும், அவர்கள் விரதம் பிழைபடாமல் இருக்கவும், அரசே சட்டம் போட்டு, அச்சிடச் செய்து, மீறினால் தண்டம் விதிக்கிறது. எத்தனை வீண் உழைப்பு! ஒருவரின் நம்பிக்கை அவர் தட்டில் நுழையும்போது அதற்கு முத்திரை குத்தி மதிக்கும் அரசு, அதே நம்பிக்கை அவர் பணப்பையில் நுழையும்போது கடைப்பிடிக்கும் நிதானத்தைக் கற்றுக்கொள்ள வேண்டாமா? உணவுத் துறை உடனே ஒரு குழு அமைத்து, 12 ஆண்டு ஆராய்ந்து, எல்லாக் குடிமக்களுக்கும் எல்லா உணவும் கடைகளில் விரிவாகவும் சமமாகவும் கிடைக்கிறபடியால் பச்சைப் புள்ளி தேவையில்லை என்று யாருடைய மனுவுக்காவது பதில் எழுதட்டும். எதில் என்ன கலந்திருக்கிறது என்பதைச் சாப்பிட்டவர்கள் பிற்பாடு தெரிந்துகொள்வார்கள். அதற்கும் ஒரு தடைச் சட்டம் அப்போது வந்துவிடும்.